இழுபடும் போல்ட்டுக்கு எதை நம்புவது? கெமிக்கலா, விரிபோல்ட்டா, ஊடுபோல்ட்டா, முன்பதித்ததா

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மொட்டைமாடிக்கு மேல் இரும்புத் தூண் நட்டுத் தகரக் கூரை போடுகிற வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. வீட்டுக்காரரும் அவர்களுக்கு வேலை செய்கிற வெல்டிங் தம்பிமாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, கெமிக்கல் போட்டுப் பிடிச்சாக் காணும்தானே?" கெமிக்கல் என்பது கொங்கிரீட்டில் போட்ட துளைக்குள் நிரப்பிக் கம்பியைப் பிடிக்கவைக்கிற பசை. சீனக்குடாப் பக்கம் வேலைத்தளம் வைத்திருப்பவர்களின் கேள்வி கொஞ்சம் வேறு. சிலாபின் அடியில் குழாயும் சின்னத் தூக்கிக் கொழுக்கியும் தொங்கவிட வேண்டும், எந்த போல்ட் நல்லது என்கிறார்கள்.

இரண்டிலும் போல்ட் கொங்கிரீட்டை விட்டு வெளியே இழுபடுகிறது. அதனால் இரண்டுக்கும் ஒரே பதிலை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் கூரையைக் காற்று சில விநாடி இழுத்துவிட்டு விட்டுவிடும். சிலாபின் அடியில் தொங்குகிற குழாய் இருபது வருடம் இரவு பகலாக இழுத்துக்கொண்டிருக்கும். போல்ட் பசையில் நிற்கிறது என்றால், எவ்வளவு இழுக்கிறது என்பதை விட எவ்வளவு காலம் இழுக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, சுமை நின்று இழுப்பதா, வந்து போவதா. பசை பார்க்கக் கல் போல இறுகியிருந்தாலும் தொடர்ந்த இழுப்பில் மெல்ல ஊர்ந்து கொடுக்கும். 2006 ஜூலை 10ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு சுரங்கப் பாதையின் கொங்கிரீட் கூரைப் பலகைகள் கார் ஒன்றின் மேல் விழுந்து, உள்ளே இருந்த பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கியவை எபொக்சிப் பசையில் நின்ற போல்ட்கள். விரைவாக இறுகும் வகை எபொக்சி நீண்டகாலச் சுமையில் ஊர்ந்து விட்டுக்கொடுத்தது என்று விசாரணை கண்டது. பொருத்தியபோது இழுத்துப் பார்த்த சோதனையில் அந்த போல்ட்கள் தேறியிருந்தன. சில நிமிட இழுப்புச் சோதனை சில வருட ஊர்வைக் காட்டாது. 2012 டிசம்பர் 2ஆம் திகதி ஜப்பானின் சசாகோ சுரங்கத்திலும் பசையில் நின்ற போல்ட்கள் விட்டு, கூரைப் பலகைகள் சரிந்து 9 பேர் இறந்தார்கள். அது 1977இல் திறந்த சுரங்கம், முப்பத்தைந்து வருடம் நின்றது.

இரண்டாவது, வெப்பம். இதை நம்மூரில் யாரும் கேட்பதே இல்லை. அதனால் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, சிலாபின் தடிப்பும் ஓரமும். வீட்டுச் சிலாப்கள் பெரும்பாலும் ஐந்து அங்குலம், அதாவது 125 மிமீதான். எந்த போல்ட்டாக இருந்தாலும் அது எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை இந்தத் தடிப்புத்தான் தீர்மானிக்கிறது.

நான்காவது, உப்புக்காற்று. ஐந்தாவது, பொருத்துகிறவரின் கையும், பிறகு வந்து சரிபார்க்கக் கூடியதா என்பதும்.

விலையை நான் கடைசியில்தான் வைப்பேன். போல்ட்டின் விலை வித்தியாசம், மாடி முழுவதும் போடுகிற கூரையின் செலவில் சிறு பங்குதான்.

## கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்

எல்லாத் தெரிவுகளையும் ஒரே தராசில் வைக்க ஒரு உதாரணம் எடுக்கிறேன். 12 மிமீ போல்ட், 125 மிமீ சிலாப், கிரேட் 25 கொங்கிரீட். நம்மூர் கிரேட் 25 கனசதுரக் கட்டியின் வலு. அமெரிக்கக் கொங்கிரீட் விதிக்கோவையான ஏசிஐ 318 உருளையின் வலுவைக் கேட்கிறது, அது ஏறத்தாழ 20 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். இந்த மாற்றத்தைச் செய்யாமல் 25ஐ அப்படியே கணக்கில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பசை போல்ட்டுக்கு ஆழத்துக்கும் சிலாப் தடிப்புக்கும் இடையில் குறைந்தது 30 மிமீ விடச் சொல்வது வழக்கம். அப்படியானால் 95 மிமீக்கு மேல் துளைக்க முடியாது. 90 என்று வைத்துக்கொள்வோம்.

இழுக்கும்போது முதலில் உடையக்கூடியது கொங்கிரீட். போல்ட்டின் அடியிலிருந்து மேலே விரியும் கூம்பு போல ஒரு துண்டு பிய்ந்து வரும். கூம்பின் வாய் போல்ட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஆழத்தின் ஒன்றரை மடங்கு, இங்கே 135 மிமீ. பின்னால் துளைத்துப் பொருத்துகிற போல்ட்டுக்கு, விரிசல் விழுந்த கொங்கிரீட்டில், இந்தக் கூம்பின் வலு சுமார் 26.7 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடை). பாதுகாப்புக்காகக் கோவை வைத்திருக்கிற குறைப்புக் காரணி 0.65ஐப் பெருக்கினால் 17.4. இரும்பு தனியே 42 கிலோநியூட்டன் வரை தாங்கும். ஆகவே இன்னும் வலுவான இரும்புக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை, கொங்கிரீட் அதற்கு முன்பே போய்விடும்.

நாலு போல்ட் போட்டால் நாலு மடங்கு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 150 மிமீ இடைவெளியில் நாலு போல்ட் என்றால் கூம்புகள் ஒன்றோடொன்று மோதும். கிடைப்பது 2.4 மடங்குதான், சுமார் 42 கிலோநியூட்டன். முழுப் பலனுக்கு இடைவெளி ஆழத்தின் மூன்று மடங்கு வேண்டும், இங்கே 270 மிமீ.

இதெல்லாம் கொங்கிரீட்டின் கணக்கு. பசையின் பிடிப்பு வேறு கணக்கு.

## கெமிக்கல் ஆங்கர்

பசையின் பிடிப்பைக் கணக்கிடுவது சுலபம். துளைக்குள் கம்பியின் சுற்றுப்பரப்பை ஒரு சதுர மில்லிமீட்டருக்கான பிடிப்பு வலுவால் பெருக்க வேண்டும். சிக்கல் அந்தப் பிடிப்பு வலு எங்கிருந்து வருகிறது என்பதில்.

ஏசிஐ 318 பசை ஆங்கரை, அதாவது பசையில் நிற்கும் போல்ட்டை, முதன்முதலில் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் உள்ளே எடுத்தது. சோதனைத் தரவு கையில் இல்லாதபோது பாவிக்கக் குறைந்தபட்சப் பிடிப்பு எண்களையும் அது கொடுக்கிறது. வெளிப்புறத்தில், விரிசல் கொங்கிரீட்டில், 1.4 மெகாபாஸ்கல். நம் உதாரணத்துக்குப் போட்டால் ஒரு போல்ட்டுக்கு 4.75 கிலோநியூட்டன், குறைப்புக் காரணியோடு 3.1. நின்று இழுக்கும் சுமை என்றால் அந்த 1.4ஐ முதலில் 0.4ஆல் பெருக்கச் சொல்கிறது. அதன் பிறகு வருகிற வலுவில் 55 சதவீதத்துக்கு மேல் நிரந்தரச் சுமை போகக் கூடாது என்கிறது. கடைசியில் மிஞ்சுவது 0.68 கிலோநியூட்டன், ஏறத்தாழ 70 கிலோ எடை. கொங்கிரீட் 17 கிலோநியூட்டன் தாங்கும் இடத்தில் பசைக்கு அனுமதி 70 கிலோ. அந்த எண்ணைக் கண்டு அதிர்ச்சி அடைவது நல்லதுதான்.

சரி, நல்ல பொருள் என்றால்? சான்றிதழில் விரிசல் கொங்கிரீட்டுக்கு 7 மெகாபாஸ்கல் என்று போட்டிருக்கிற ஒரு எபொக்சியை எடுங்கள். அதே போல்ட் 15.4 கிலோநியூட்டன் தருகிறது, நிரந்தரச் சுமைக்கு 8.5 (சோதித்த எண் என்பதால் அந்த 0.4 இங்கே இல்லை). அதே துளை, அதே கம்பி, பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். ஆகவே "கெமிக்கல் போடலாமா" என்பது கேள்வியே இல்லை. எந்தக் கெமிக்கல், அதன் சான்றிதழ் எங்கே என்பதுதான் கேள்வி. ஹாட்வெயர் கடையில் பெரும்பாலும் கிடைக்கிற மலிவான பொலியெஸ்டர் வகைகள் கைப்பிடிக் கம்பிக்கும் விளம்பரப் பலகைக்கும் போதும். நின்று இழுக்கும் சுமைக்கு அவற்றை நான் தொடவே மாட்டேன். வைனைல் எஸ்டர் நடுத்தரம், வேகமாக இறுகும். தூய எபொக்சி மெல்ல இறுகும், பிடிப்பு அதிகம்.

இப்போது வெப்பம். ஐரோப்பியச் சான்றிதழ்களில் பிடிப்பு வலுவை வெப்பநிலை வரிசைகளாகப் பிரித்துப் போடுவார்கள். முதல் வரிசை, நீண்டகாலம் 24 பாகை, குறுகிய நேரம் 40 பாகை வரை. இரண்டாவது, நீண்டகாலம் 50, குறுகிய நேரம் 80. விளம்பரத் தாளில் பெரிதாகத் தெரிகிற எண் பெரும்பாலும் முதல் வரிசைக்குரியது. திருகோணமலையின் வருடச் சராசரி வெப்பநிலையே 28 பாகைக்குக் கிட்ட. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மொட்டைமாடிச் சிலாபில் வெறுங்காலோடு நிற்க முடியாது. முதல் வரிசை நம்மூருக்கு எழுதியதே இல்லை. எப்போதும் இரண்டாவது வரிசையைத்தான் பாருங்கள், பல பொருள்களில் அங்கே எண் கணிசமாகக் குறையும்.

பொருத்தும்போதும் வெப்பம் பாடு படுத்தும். 40 பாகையில் பசை கைக்குள் சில நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும். அரைவாசி இறுகியதற்குள் கம்பியைத் தள்ளினால் அது ஒட்டாது. விடியற்காலையில் வேலை செய்யுங்கள். பசைக் குழல்களை 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லித்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள், தகரக் கொட்டிலில் கிடந்த குழலை வாங்க வேண்டாம்.

அப்புறம் தூசி. துளைக்குள் கொங்கிரீட் மா ஒட்டியிருந்தால் பசை அந்த மாவைத்தான் பிடிக்கும், கொங்கிரீட்டைப் பிடிக்காது. காற்றால் ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, திரும்ப ஊத வேண்டும். எத்தனை தடவை என்று பொருளின் தாளில் இருக்கும். வாயால் ஊதுவது கணக்கில் சேராது, எச்சில் ஈரம் வேறு சேரும். குழலில் முதலில் வருகிற பசை கலவை ஒரே நிறமாகும் வரை வீணாகத்தான் போக வேண்டும். புதுக் கொங்கிரீட் குறைந்தது 21 நாள் ஆகியிருக்க வேண்டும் என்றும் ஏசிஐ சொல்கிறது.

மறைந்த செலவு இங்கேதான் கூடுகிறது. குழல் விலை மட்டும் தெரிந்து தொடங்குகிறார்கள். துப்பாக்கி, தூரிகை, ஊதும் பம்பு, இடையில் நிறுத்தினால் உள்ளே பசை இறுகிப் போகிற குழல் மூக்குகள் எல்லாம் பிறகு வந்து சேரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிலாவெளியில் ஒரு வீட்டில் தூணுக்கான அடித்தகட்டைப் பசை போல்ட்டால் பொருத்தி இறுகவிட்ட பிறகு, தூணை அந்தத் தகட்டோடு வெல்ட் பண்ணினார்கள். வெல்டிங் சூடு கம்பி வழியே துளைக்குள் இறங்கிப் பசையைக் கெடுத்துவிடும். நான் போனபோது ஒரு போல்ட்டைச் சாவியால் திருப்ப, கம்பியே துளைக்குள் சுற்றியது. அந்த வீட்டில் பிள்ளைகள் அந்தக் கூரைக்குக் கீழேதான் விளையாடுகிறார்கள். வெல்டிங் எல்லாம் முடித்துக் கொண்டுவந்து பொருத்துங்கள், இல்லாவிட்டால் தூணைப் போல்ட்டால் இணையுங்கள்.

பசை எங்கே சிறந்தது? ஓரத்துக்கு நெருக்கமான இடத்தில், ஏனென்றால் அது கொங்கிரீட்டைப் பிளக்கத் தள்ளாது. ஆழம் கிடைக்கிற பீமிலும் அத்திவாரத்திலும். காற்றைப் போல வந்து போகிற சுமைக்கு. சான்றிதழோடு வரும் நல்ல எபொக்சி இந்த மூன்றிலும் அருமையான வேலைக்காரன்.

## விரிபோல்ட்

துளையைப் போட்டு, அடித்து, நட்டை இறுக்கினால் அடியில் உள்ள கிளிப் விரிந்து கொங்கிரீட்டைக் கவ்வும். இறுக்கிய உடனேயே சுமை ஏற்றலாம், வெப்பத்துக்குப் பயமில்லை, நின்று இழுக்கும் சுமையில் பசை போல ஊர்ந்து கொடுக்காது.

12 மிமீ விரிபோல்ட்டின் பிடிப்பு ஆழம் 70 மிமீ என்று வைத்தால் கூம்பின் வலு, குறைப்போடு, 11.9 கிலோநியூட்டன். ஆனால் போல்ட் வழுக்கி வெளியே வரும் வலு பொருளுக்குப் பொருள் மாறும், அதைச் சான்றிதழில்தான் பார்க்க வேண்டும். விரிசல் கொங்கிரீட்டுக்கு அனுமதி உண்டா என்றும் பாருங்கள். சிலாபின் அடிப்பகுதி பெரும்பாலும் இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசலோடுதான் இருக்கும். விரிசலுக்குச் சோதிக்காத விரிபோல்ட் அங்கே தளர்ந்துவிடும்.

ஓரத்தில் அது ஆபத்து. விரிந்து தள்ளுவதால் கைப்பிடிச் சுவர் ஓரமும் மெல்லிய சிலாபும் பிளக்கும். சாவியில் முறுக்குவிசை அளவு தெரிய வேண்டும், கையுணர்வில் இறுக்கினால் ஒன்று குறையும், ஒன்று கூடும்.

உப்புக்காற்றுக்கு இது மிகவும் பலவீனம். கடையில் மினுங்குகிற சிங்க் பூச்சு சில மைக்ரோன் தடிப்புத்தான், கடற்கரை ஓரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலுக்குக் கிட்ட 316 ரகத் துருவில்லா எஃகு வேண்டும், விலை பல மடங்கு. பசையில் போடும் கம்பிக்கும் இதே விதிதான்.

## ஊடுபோல்ட்

சிலாபை முழுதாகத் துளைத்து, மேலே அடித்தகடு, கீழே இன்னொரு தகடு, இரண்டு பக்கமும் நட். நம்மூர் 125 மிமீ சிலாபுக்கு நான் அதிகம் சொல்லுகிற வழி இதுதான். யாரும் இதைப் பெருமையாகப் பேசுவதில்லை, ஆனால் நன்றாக நிற்கிறது.

பசை கிடையாது, ஊர்வு கிடையாது, வெப்பம் ஒன்றும் செய்யாது. கீழே தகடு இருப்பதால் கூம்பு சிலாபின் முழுத் தடிப்பையும் பாவிக்கும். அடுத்த வருடம் வந்து ஒரு நட்டைத் திருப்பிப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. கீழ் அறையின் கூரையில் தகடு தெரியும், வீட்டுக்காரி சம்மதிக்க வேண்டும். வாடைக் காலத்தில், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, நம்மூரில் கொட்டுகிற மழையில் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கும். தகட்டுக்கடியில் நீர்காப்பும் சுற்றிலும் சின்ன மேடும் கட்டாயம். துளை போடும்போது கம்பி வெட்டுப்படலாம், முதலில் கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் பார்த்துக் குறியுங்கள்.

## முன்பதித்த போல்ட்

கொங்கிரீட் போடுவதற்கு முன்பே போல்ட்டை நிறுத்தி வைத்தால், அதே ஆழத்தில் பசை போல்ட்டையும் விரிபோல்ட்டையும் விட வலு அதிகம். தலையுள்ள 12 மிமீ போல்ட், அதே 90 மிமீ ஆழம்: கூம்பின் வலு 38 கிலோநியூட்டன், பின்னால் துளைத்ததை விட நாற்பது சதவீதத்துக்கு மேல் கூட. இன்னும் கட்டாத வீடு என்றால் இதைத்தான் செய்யுங்கள், வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

ஆனால் நம்மூரில் நுனி வளைத்த ஜே போல்ட்டையே பதிக்கிறார்கள். இழுக்கும்போது வளைவு நிமிர்ந்து வெளியே வரும். ஏசிஐ கணக்கில் அதே உதாரணத்துக்கு அது குறைப்புக்கு முன்பே 11.7 கிலோநியூட்டன்தான். வளைப்பதை விட்டு, அடியில் ஒரு தடித்த வாஷரும் நட்டும் போடுங்கள். செலவு கிட்டத்தட்ட அதேதான். இடம் தவறாமல் இருக்க, போல்ட்களைப் பிடித்து நிறுத்தத் துளை போட்ட மாதிரிப் பலகை வேண்டும். பிறகு போல்ட்டைச் சூடாக்கி வளைத்துச் சரிபண்ணுவது வேண்டவே வேண்டாம்.

| | கெமிக்கல் | விரிபோல்ட் | ஊடுபோல்ட் | முன்பதித்தது |
|---|---|---|---|---|
| நின்று இழுக்கும் சுமை | ஊர்வுச் சோதனை தேறிய பொருள் மட்டும் | விரிசலுக்குச் சோதித்தது என்றால் சரி | நல்லது | மிக நல்லது |
| மொட்டைமாடி வெப்பம் | பிடிப்பு குறையும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| ஓரத்துக்குக் கிட்ட | நல்லது | பிளக்கும் | தகடு வைக்க இடம் வேண்டும் | நல்லது |
| கைவேலைப் பிழை | மிக எளிதில் நடக்கும், வெளியே தெரியாது | முறுக்குவிசைப் பிழை | குறைவு | இடம் தவறும் |
| பிறகு சரிபார்த்தல் | கடினம் | ஓரளவு | எளிது | ஓரளவு |
| மறைந்த செலவு | கருவிகள், வீணாகும் பசை | 316 எஃகு | நீர்காப்பு, கீழ்த்தகடு | மாதிரிப் பலகை |

## எந்த இடத்தில் எது

மொட்டைமாடித் தகரக் கூரை. ஒரு தூணுக்கு 3 மீட்டருக்கு 4 மீட்டர் கூரை பங்கு வருகிறது, காற்று சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் மேலே இழுக்கிறது என்று வைத்தால் ஒரு தூணில் 12 கிலோநியூட்டன். கிழக்குக் கரையோரம் இலங்கையின் அதிகக் காற்று வலயத்தில் இருக்கிறது, 1964 டிசம்பர்ச் சூறாவளி திருகோணமலையைத் தாக்கியதும் எல்லோருக்கும் தெரியும். பக்கம் திறந்த தகரக் கூரைக்கு உண்மையான இழுப்பு இந்த 1ஐத் தாண்டலாம், பொறியியலாளரைக் கொண்டு கணக்கிடுங்கள். தூண் பக்கவாட்டில் சாயும்போது ஒரு பக்க போல்ட்களுக்குக் கூடுதலாகப் போகும் என்பதும் அதில் சேர வேண்டும். சான்றிதழ் இல்லாத பசையில் 12 மிமீ போல்ட் நாலு, 150 மிமீ இடைவெளியில், கோவையின் குறைந்தபட்ச எண்ணில் கிடைப்பது ஏறத்தாழ 10. அந்த எளிய 12க்கே போதவில்லை. நல்ல எபொக்சியில் 30ஐத் தாண்டும். ஊடுபோல்ட் என்றால் பசையைப் பற்றிய யோசனையே தேவையில்லை. எனக்கு இங்கே முதல் தெரிவு ஊடுபோல்ட்தான். கீழ் அறையில் தகடு வைக்க முடியாத இடத்தில் மட்டும் சான்றிதழுள்ள எபொக்சி, 16 மிமீக்குப் போகாமல். ஏனென்றால் 125 மிமீ சிலாபில் 16 மிமீக்குக் கிடைக்கிற ஆழம் இன்னும் குறைவு.

சிலாபின் அடியில் தொங்குவது. இங்கே தலைக்கு மேல் நின்று இழுக்கிற சுமை. பசை போல்ட்டை நான் கடைசித் தெரிவாகத்தான் வைப்பேன். கிடைமட்டமாகவோ மேல்நோக்கியோ போட்டு நிரந்தரமாக இழுபடும் பசை போல்ட்டை, சான்றிதழ் பெற்ற ஆள்தான் பொருத்த வேண்டும் என்று ஏசிஐயே சொல்கிறது. ஊடுபோல்ட் முடிந்தால் அது, இல்லாவிட்டால் விரிசல் கொங்கிரீட்டுக்குச் சோதித்த விரிபோல்ட். வேலைத்தளத்துத் தூக்கிக் கொழுக்கி என்றால் விரிபோல்ட் கூட வேண்டாம். சிலாபைத் துளைத்து மேலே தகடு வையுங்கள், அதை விட நல்லது பீமைச் சுற்றிப் பிடிப்பது.

மாடி ஓரத்துக் கைப்பிடிக் கம்பி. ஓரத்திலிருந்து போல்ட் 60, 70 மிமீயில் வரும். இங்கே பசைதான் நல்லது, சுமையும் வந்து போவது. ஓரத்தால் கூம்பின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வலு குறையும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

சீமெந்துக் கல்லில் கட்டிய சுவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. உள்ளே பொந்துள்ள கல்லில் ஊற்றிய பசை பொந்துக்குள் ஓடிவிடும், வலைக்குழாய் போட்ட வகை தேவை, வலுவும் மிகக் குறைவு.

கூரை போட்டு முடித்தவர்கள், போல்ட் நுனி நட்டுக்கு வெளியே இரண்டு மரை தெரியும்படி விட்டு, நட் இருக்கிற இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். ஒவ்வொரு புரட்டாதியிலும், மழை தொடங்குவதற்கு முன், ஏறிப் போய் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.